11, 13, 15: ஒரே நோயாளிக்கு மூன்று மதிப்பெண்கள் ஏன் வருகின்றன?

தாராவியிலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டிருப்பது இது. அவருடைய தந்தைக்கு 66 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, அன்றிலிருந்து ஆஸ்பிரின் சாப்பிட்டு வருகிறார். முழங்கால் வலிக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையையும் மூன்று வாரமாகச் சேர்த்து விழுங்கியிருக்கிறார். ஒரு நாள் விடியற்காலையில் கழிவறையில் மயங்கி விழுந்தார். மலம் தார் போலக் கறுத்திருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது மேல் இரத்த அழுத்தம் 96, நாடி 108, ஹீமோகுளோபின் 10.4, இரத்த யூரியா 92. கேஷுவால்டியில் இருந்த ரெசிடென்ட் மருத்துவர், இரைப்பை, முன்சிறுகுடல் இரத்தப்போக்கின் கடுமையை 23-க்கு இத்தனை என்று அளக்கும் பிளாட்ச்ஃபோர்டு மதிப்பெண் 11 என்றார். மகன் அன்றிரவே கைப்பேசியில் ஒரு கணிப்பானில் எண்களைப் போட்டுப் பார்த்தபோது 15 வந்தது. ஏறத்தாழ 16 மணி நேரம் கழித்துத்தான் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். டியோடினம் எனப்படும் முன்சிறுகுடலில் ஒரு புண்ணும், அதன் நடுவே தெரிந்த ஒரு இரத்தநாளமும் இருந்ததால் அதைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் போட்டார்கள். மறுநாள் ஹீமோகுளோபின் 7.8-க்கு இறங்கிவிட்டது. 23-க்கு 15 என்றால் அப்பா பிழைக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் இருக்கிறதா, மருத்துவமனை எண்ணைக் குறைத்துக் காட்டி எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போட்டுவிட்டதா என்று அவர் கேட்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எந்த எண் சரி என்பது ஒன்று. அப்பா பிழைப்பாரா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு ஓரளவுதான் முடியும். மும்பையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரைப்பை, குடல் நோய்களுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன் என்றாலும் உங்கள் தந்தையை நான் பார்க்கவில்லை. அவருடைய கட்டிலருகே நிற்கும் மருத்துவர் சொல்வதும் நான் இங்கே எழுதுவதும் முரண்பட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 15. உங்கள் கணிப்பானில் பிழையில்லை, அதற்குள் போட்ட யூரியாவில்தான் பிழை. நம் ஊர் ஆய்வகங்கள் பெரும்பாலும் இரத்த யூரியாவை அப்படியே மில்லிகிராமில் தருகின்றன; அமெரிக்க வழக்கத்தில் அமைந்த கணிப்பான்கள் யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் கேட்கின்றன, அதைத்தான் பி.யூ.என். என்று குறிப்பிடுகிறார்கள். யூரியாவை ஏறத்தாழ 2.14-ஆல் வகுத்தால் பி.யூ.என். கிடைக்கும். 92-ஐ வகுத்தால் 43. பிளாட்ச்ஃபோர்டு அட்டவணையில் 43-க்கு 4 மதிப்பெண். நீங்கள் 92-ஐயே போட்டதால் அது மிக உயர்ந்த படியில் ஏறி 6 கொடுத்துவிட்டது. இந்தத் தவற்றை நீங்கள் மட்டும் செய்யவில்லை. பயிற்சி மருத்துவர்கள் எழுதும் கேஸ் தாள்களிலும் இதை மாதத்துக்கு ஒரு முறையாவது நான் திருத்துகிறேன். இரண்டு மதிப்பெண் அங்கே கழிந்துவிடுகிறது.

அடுத்து 11. இது எப்படி வந்திருக்கும் என்று உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. ரெசிடென்ட் மருத்துவர் இந்தியில் கேட்டபோது அப்பாவுக்கு சக்கர் வந்தது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழில் மயக்கம் என்ற ஒரே சொல்லால் தலை சுற்றுவதையும் சொல்கிறோம், நினைவு தப்பி விழுவதையும் சொல்கிறோம். அந்தச் சொல் மும்பை இந்திக்குள் போகும்போது வெறும் தலைச்சுற்றலாகச் சுருங்கிவிடுகிறது. பிளாட்ச்ஃபோர்டு கணக்கில் தலைச்சுற்றலுக்கு மதிப்பெண் கிடையாது; நினைவிழந்து விழுந்தால் 2. உங்கள் தந்தை கழிவறைத் தரையில் விழுந்து, அக்கம்பக்கத்தார் தட்டி எழுப்பும்வரை கண் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது நினைவிழப்பேதான். ஆகவே யூரியாவுக்கு 4, ஆணுக்கு 10.4 ஹீமோகுளோபின் என்பதற்கு 3, மேல் அழுத்தம் 96-க்கு 2, நாடி 100-ஐத் தாண்டியதற்கு 1, கறுப்பு மலத்துக்கு 1, நினைவிழப்புக்கு 2 என்று கூட்டினால் 13 வருகிறது. கல்லீரல் நோயும் இதயச் செயலிழப்பும் இல்லாததால் அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஸ்டென்ட் வைத்திருப்பது மட்டும் இதயச் செயலிழப்பு ஆகாது. மருத்துவமனை எண்ணைக் குறைத்துக் காட்டவில்லை. மொழிபெயர்ப்பில் இரண்டு மதிப்பெண் உதிர்ந்துவிட்டது, அவ்வளவே.

இந்தக் கணக்கில் உள்ள கறுப்பு மலம் என்ற ஒற்றை மதிப்பெண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களிடம் அதைக் கேட்டு வாங்குவது எளிதன்று. பொதுக் கழிப்பிடத்தில், மங்கலான விளக்கில், வெளியே வரிசை காத்திருக்கும்போது எவரும் தம் மலத்தின் நிறத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. இரண்டு நாட்களாகக் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தும் விழுந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லும் குடும்பங்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அது கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும். இரத்தம் செரித்துக் கறுத்த மலமோ புதிதாகக் கொட்டிய தார் போல மினுமினுத்து ஒட்டும்; அதன் வாடையை ஒரு முறை உணர்ந்தவர் மறக்க மாட்டார். வார்டுக்குள் நுழையும்போதே எந்தக் கட்டிலில் இரத்தப்போக்கு நோயாளி இருக்கிறார் என்பதைத் தலைமை நர்ஸ் சொல்லிவிடுவது அந்த வாடையால்தான்.

சரி, 13 என்று ஒத்துக்கொண்டோம். அதனால் என்ன தெரிகிறது? நீங்கள் அஞ்சுவதைக் காட்டிலும் மிகக் குறைவாகத்தான் தெரிகிறது. பிளாட்ச்ஃபோர்டு மதிப்பெண் 2000-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவானது. இந்த நோயாளிக்கு இரத்தம் ஏற்றுவது, எண்டோஸ்கோப்பி வழியாக இரத்தத்தை நிறுத்துவது, அறுவை சிகிச்சை செய்வது போன்ற ஏதாவது ஒரு தலையீடு தேவைப்படுமா என்பதைத்தான் அதை உருவாக்கியவர்கள் அறிய விரும்பினார்கள். சாவைக் கணிப்பது அவர்களுடைய முதல் நோக்கமாக இருக்கவில்லை. அதனால்தான் அதில் வயதுக்கு மதிப்பெண்ணே இல்லை. ஐந்து தேர்வு எழுதிய மாணவனின் மொத்த மதிப்பெண்போல 23-க்கு எத்தனை என்று பார்த்து விழுக்காடாக மாற்றுவதற்கு அதில் இடமில்லை. அந்த மதிப்பெண்ணின் வலிமை முழுவதும் அதன் அடிப்பகுதியில் இருக்கிறது. 0 அல்லது 1 வந்தால் அந்த நோயாளியை மருத்துவமனையில் சேர்க்காமலேயே வீட்டுக்கு அனுப்பி, ஓரிரு நாளில் வெளிநோயாளியாக எண்டோஸ்கோப்பி செய்யலாம் என்று இன்று பல நாட்டு வழிகாட்டுதல்களும் ஒருமித்துச் சொல்கின்றன. இதில் எனக்கு ஐயமே இல்லை. நானே அப்படிப் பலரை அனுப்பியிருக்கிறேன். மேல்பகுதிக்குப் போகப் போக 11-க்கும் 15-க்கும் இடையே சிகிச்சையில் பெரிய வேறுபாடு வருவதில்லை. மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும் உங்கள் தந்தைக்கு நடந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: அட்மிட் செய்து, நரம்பில் திரவம் ஏற்றி, அமில எதிர்ப்பு மருந்து கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்வது.

சாவைக் கணிக்க முயலும் மதிப்பெண்கள் வேறு. அவற்றையும் உங்கள் தந்தைக்குப் போட்டுப் பார்த்தேன். வந்த விடைகளை அப்படியே எழுதுகிறேன், ஆனால் அடுத்த பத்தியையும் படித்து முடிக்காமல் நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ராக்கால் மதிப்பெண்ணில் வயதுக்கு 1, அழுத்தம் 100-க்குக் கீழ் இருந்ததற்கு 2, இதயத் தமனி நோய்க்கு 2, புண் என்ற நோயறிதலுக்கு 1, எண்டோஸ்கோப்பியில் நாளம் தெரிந்ததற்கு 2, ஆக 11-க்கு 8. அந்த மதிப்பெண்ணை வெளியிட்ட மூலக் கட்டுரையில் 8-ம் அதற்கு மேலும் பெற்றவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். அடுத்தது எய்ம்ஸ்65. பெயரைக் கேட்டதும் டெல்லி மருத்துவமனை நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, இது 2011-இல் அமெரிக்காவில் உருவானது, அது பார்க்கும் கூறுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். இரத்தப் புரதமான அல்புமின் 3-க்குக் கீழ், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்கு மேல், நினைவுத் தடுமாற்றம், மேல் அழுத்தம் 90 அல்லது அதற்குக் கீழ், வயது 65 அல்லது அதற்கு மேல் என்ற ஐந்துக்கும் ஒவ்வொரு மதிப்பெண். நீங்கள் இணைத்திருந்த அறிக்கையில் அல்புமின் 3.4, ஐ.என்.ஆர். 1.1, அவர் தெளிவாகப் பேசினார், அழுத்தம் 96. வயதுக்கு மட்டும் ஒன்று. அந்தக் கணக்கில் 1 பெற்றவர்கள் மருத்துவமனையில் இறப்பது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான்.

ஒரே மனிதர், ஒரே இரவு. ஒரு கணக்கு நூற்றுக்கு 41 என்கிறது, இன்னொன்று நூற்றுக்கு 1 என்கிறது. இரண்டில் எதை நம்புவது? நான் இரண்டாவதன் பக்கம் நெருங்கி நிற்பேன், ஆனால் முழுவதுமாக அதன்மீது சாய மாட்டேன். ராக்கால் மதிப்பெண்ணுக்கு அடிப்படையாக அமைந்தது 1993-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய தணிக்கை. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். மொத்தத்தில் 14 விழுக்காட்டினர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் கிளிப் போடுவது வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை, புண்ணில் நாளம் தெரிந்தாலும் பலருக்கு எண்டோஸ்கோப்பி வழி சிகிச்சை கிடைக்கவில்லை, அமிலத்தை முற்றிலும் அடக்கும் மருந்தை ஊசி வழியாகத் தொடர்ந்து ஏற்றும் முறையும் பரவியிருக்கவில்லை. ஆகவே அந்த 41 என்பது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சிகிச்சையின் விளைவு. யார் யாரைவிட மோசமான நிலையில் இருக்கிறார் என்று வரிசைப்படுத்துவதில் ராக்கால் இன்றும் ஓரளவு பயன்படும். ஆனால் அதன் விழுக்காடுகளை இன்றைய நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. எய்ம்ஸ்65-க்கும் ஒரு குறை உண்டு. உங்கள் தந்தையின் இதயத்தமனி நோயை அது கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அண்மையில் வந்த ஏ.பி.சி. மதிப்பெண் வயது, இரத்தப் பரிசோதனை, உடனிருக்கும் நோய்கள் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது; அதில் தாழ்ந்த பிரிவினரில் 30 நாட்களுக்குள் இறப்பவர்கள் ஏறத்தாழ 1 விழுக்காடு, உயர்ந்த பிரிவில் ஏறத்தாழ 25. உங்கள் அறிக்கையில் சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவு தெளிவாகத் தெரியாததால் அதை நான் கணக்கிடவில்லை.

இந்த மதிப்பெண்கள் எவ்வளவு சரியாகக் கணிக்கின்றன என்பதையும் அளந்து வைத்திருக்கிறார்கள். 2017-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 3,012 நோயாளிகளைப் பின்தொடர்ந்து ஐந்து மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். தலையீடோ மரணமோ நேருமா என்பதைக் கணிப்பதில் பிளாட்ச்ஃபோர்டு முதலிடம் பெற்றது. அதன் திறன் 0.86. இதைப் பாமர மொழியில் சொன்னால், தலையீடு தேவைப்பட்ட ஒருவரையும் தேவைப்படாத ஒருவரையும் ஜோடியாக நிறுத்தினால், நூறு ஜோடிகளில் 86 முறை அது சரியானவருக்கு அதிக மதிப்பெண் கொடுக்கும். மரணத்தைக் கணிப்பதில் எய்ம்ஸ்65 முன்னணியில் இருந்தபோதும் அதன் திறன் 0.77-தான். நான்கு ஜோடிகளில் ஏறத்தாழ ஒன்றில் தவறிவிடுகிறது. நூறு பேர் கொண்ட வார்டை நடத்துகிறவருக்கு இது பெரிய உதவி. ஒருவருடைய மகனுக்கு இது பெரிய ஆறுதலும் அன்று, பெரிய அச்சமும் அன்று.

எண்கள் எங்கே சறுக்குகின்றன என்பதை நான் கற்றது என் சொந்தத் தவற்றிலிருந்து. பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், மழைக்கால இரவு ஒன்றில், எழுபதைக் கடந்த ஒருவர் கறுப்பு மலத்தோடு வந்தார். நாடி 78, மேல் அழுத்தம் 112, ஹீமோகுளோபின் 11.9. சிரித்துப் பேசினார். பிளாட்ச்ஃபோர்டு கணக்கில் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. பொது வார்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நான் அடுத்த நோயாளியிடம் போனேன். அரை மணியில் இரவுப் பணி நர்ஸ் திரும்ப வந்து, அவருடைய பாதம் மட்டுமல்லாமல் முழங்கால் வரையும் சில்லிட்டிருக்கிறது, போர்வை போர்த்தியும் சூடேறவில்லை என்றார். அறை குளிர்ச்சியாக இருக்கிறது என்று நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் கூசுகிறது. அதற்கடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் ஒரு வாளி நிறைய இரத்தம் வாந்தியெடுத்து நினைவிழந்தார். மாத்திரை உறையை மனைவி கொண்டு வந்து காட்டிய பிறகுதான், உயர் இரத்த அழுத்தத்துக்காக அவர் பீட்டா பிளாக்கர் சாப்பிட்டு வந்தது தெரிந்தது. அந்த மருந்து நாடியைப் பிடித்து வைத்துவிடும். இரத்தம் போகும்போதும் அதை எளிதில் 100-ஐத் தாண்ட விடாது. உயர் அழுத்தக்காரருக்கு 112 என்பதே வீழ்ச்சி. அவர் பிழைத்துக்கொண்டார், பத்து நாள் ஐ.சி.யூ.வில் இருந்த பிறகு. அன்றிலிருந்து மதிப்பெண்ணைக் கணக்கிடுவதற்கு முன் நோயாளியின் முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறேன். உங்கள் தந்தைக்கு ஸ்டென்ட் இருப்பதால் அவரும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவராக இருக்கலாம். அப்படியானால் 108 என்ற நாடி காட்டுவதைவிட உண்மை நிலை கொஞ்சம் மோசமாக இருந்திருக்கும். மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டினீர்களா என்று பாருங்கள்.

எண்டோஸ்கோப்பி 16 மணி நேரம் தாமதமானது குற்றமா என்ற கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது என்றுதான் எவருக்கும் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2020-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. பிளாட்ச்ஃபோர்டு 12 அல்லது அதற்கு மேல் பெற்ற 516 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நிபுணரின் ஆலோசனை கேட்ட 6 மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்களுக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள்ளும் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். 30 நாட்களில் இறந்தவர்கள் முதல் பகுதியில் 8.9 விழுக்காடு, இரண்டாவதில் 6.6. விரைந்து செய்ததால் உயிர் கூடுதலாகக் காக்கப்படவில்லை. இந்த இடைவெளியும் தற்செயலாக ஏற்படக்கூடிய அளவினதே என்பதால், தாமதம்தான் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. திரவமும் இரத்தமும் ஏற்றி நிலைப்படுத்துவதற்கும், உடனிருக்கும் நோய்களைச் சீர்செய்வதற்கும், அமில எதிர்ப்பு மருந்து வேலை செய்வதற்கும் அந்த நேரம் பயன்படுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. திரவம் ஏற்றியும் அழுத்தம் ஏறாமல் அதிர்ச்சி நிலையிலேயே இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு நேரம் பார்க்காமல் செய்யத்தான் வேண்டும். உங்கள் தந்தைக்கு இரண்டு பாட்டில் ஏறியதும் அழுத்தம் 118-க்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வாறானால் 16 மணி நேரம் என்பது ஏற்கத்தக்க எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஹீமோகுளோபின் 10.4-லிருந்து 7.8-க்கு இறங்கியதைப் பார்த்து, கிளிப் கழன்று மறுபடியும் இரத்தம் போகிறது என்று பயந்திருக்கிறீர்கள். போகவில்லை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த இறக்கம் மட்டும் அதற்குச் சான்றாகாது. ஒரு குடம் பாலிலிருந்து கால் பங்கை ஊற்றிவிட்டாலும் மிச்சமுள்ள பாலின் கெட்டித்தன்மை மாறாது. அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால்தான் நீர்த்துப்போகும். இரத்தமும் அப்படியே. போன உடனே எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் பழைய அளவிலேயே நிற்கும். உடலின் நீரும் நாங்கள் ஏற்றும் திரவமும் இரத்தத்தில் கலக்கச் சில மணி நேரங்களிலிருந்து ஒரு நாள் வரை ஆகும், அதற்குப் பிறகுதான் உண்மையான இழப்பு தெரியும். கேஷுவால்டியில் எடுத்த 10.4 என்பது முந்தைய நாளின் நிழல். மறுநாள் எண்ணைப் போட்டுக் கணக்கிட்டிருந்தால் ஹீமோகுளோபினுக்கு மட்டும் 6 கிடைத்து மொத்தம் 16 என்று நான்காவதாக ஒரு மதிப்பெண்ணும் வந்திருக்கும். ஒரு யூனிட் மட்டும் இரத்தம் ஏற்றிவிட்டு நிறுத்தியதைக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். 2013-இல் பார்சலோனாவில் நடந்த ஆய்வில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் ஆறு வாரத்தில் 95 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் கீழே போனாலே ஏற்றப்பட்டவர்களில் 91. இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த எல்லையைச் சற்று உயர்த்தி 8 என்று வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் மருத்துவர்கள் அதையே பின்பற்றியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இனி வரும் நாட்களைப் பற்றிச் சொல்ல, பிளாட்ச்ஃபோர்டைவிட எண்டோஸ்கோப்பி அறிக்கையில் உள்ள ஒரு சிறு குறிப்பு அதிகம் உதவும். புண்ணின் தோற்றத்தை வைத்து 1974-இல் ஃபாரஸ்ட் என்பவர் வகுத்த பிரிவுமுறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பீய்ச்சியடிப்பதும் கசிவதும் முதல் வகை. இரத்தம் வராமல் நாளம் மட்டும் புடைத்துத் தெரிவது இரண்டு ஏ. இரத்தக்கட்டி ஒட்டியிருப்பது இரண்டு பி. தட்டையான கறை இரண்டு சி. வெள்ளை வெளேரென்று சுத்தமான புண் மூன்று. எந்தச் சிகிச்சையும் செய்யாமல் விட்டால், நாளம் தெரியும் புண்ணில் மறுபடி இரத்தம் வருவது நூற்றுக்கு 43 என்றும் சுத்தமான புண்ணில் 5 என்றும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். சிகிச்சை செய்த பிறகு இது வெகுவாகக் குறைகிறது. 2000-இல் ஹாங்காங்கில் நடந்த ஆய்வில், எண்டோஸ்கோப்பி வழி சிகிச்சைக்குப் பின் மூன்று நாட்கள் ஒமெப்ரசோல் என்ற அமில எதிர்ப்பு மருந்தைத் தொடர்ந்து ஏற்றியவர்களில் 30 நாட்களுக்குள் மறுபடி இரத்தம் வந்தது 6.7 விழுக்காட்டினருக்கு, மருந்தில்லாதவர்களில் 22.5. வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு முதல் மூன்று நாட்களிலேயே வந்துவிட்டது. கிளிப் போட்டு இன்று இரண்டாம் நாள் என்பதால், நாளை இரவு கழிந்தால் பெரும் பகுதி ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று கொள்ளலாம். டியோடினத்தின் பின்சுவரில் உள்ள பெரிய புண் என்றால் நான் இன்னும் கொஞ்சம் கவனமாக இருப்பேன். அங்கே ஒரு பெரிய தமனி சுவரை ஒட்டி ஓடுகிறது. உங்கள் அறிக்கையில் புண் முன்சுவரில் என்று இருக்கிறது.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. மேலே சொன்னதெல்லாம் புண்ணிலிருந்து வரும் இரத்தப்போக்குக்கு. குடியினாலோ மஞ்சள் காமாலைக் கிருமியினாலோ கொழுப்பினாலோ கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயில் இரத்தநாளங்கள் புடைத்து வெடித்தால் அது வேறு நோய், வேறு கணக்கு. நம் நாட்டு மருத்துவமனைகளில் அதன் பங்கு பெரிது. அங்கே ஆறு வாரத்துக்குள் இறப்பவர்கள் 15 முதல் 20 விழுக்காடு வரை இருப்பார்கள். கல்லீரல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது, எவ்வளவு இரத்தம் போனது என்பது அடுத்தபடியாகத்தான். அவர்களுக்குக் கல்லீரலின் நிலையை அளக்கும் சைல்டு-பியூ, மெல்டு ஆகிய மதிப்பெண்களைப் பார்க்க வேண்டும்.

உங்கள் தந்தையிடமே திரும்புகிறேன். என்னைக் கேட்டால், இரத்தப்போக்கைவிட அவருடைய இதயத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். ஹாங்காங்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புண் இரத்தப்போக்கு நோயாளிகளை ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் இரத்தம் போய் இறக்கவில்லை. நுரையீரல், இதயம், புற்றுநோய், பல உறுப்புகள் ஒருசேரச் செயலிழத்தல் போன்ற பிற காரணங்களால் இறந்தார்கள். எங்கள் வார்டிலும் நான் கண்டது அதுதான். புண்ணில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு வெற்றி என்று கை கழுவிய பிறகு, நாலாம் நாள் மாரடைப்பில் போனவர்களை எனக்கு நினைவிருக்கிறது. ஆஸ்பிரினால்தானே இவ்வளவும் வந்தது, இனி அது வேண்டவே வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்வார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை நீங்களாக எடுக்காதீர்கள். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதய, மூளை இரத்தநாள நோய்களுக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டுப் புண்ணில் இரத்தப்போக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதை உடனே தொடர்ந்தும் மற்றவர்களுக்கு நிறுத்தியும் பார்த்தார்கள். தொடர்ந்தவர்களில் மறு இரத்தப்போக்கு 10.3 விழுக்காடு, நிறுத்தியவர்களில் 5.4. ஆனால் எட்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் தொடர்ந்தவர்களில் 1.3 விழுக்காடு, நிறுத்தியவர்களில் 12.9. அது 156 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு என்பதால் அந்த எண்களின் அளவை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அது காட்டும் திசையை எங்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டோம். முற்றிலும் நிறுத்த வேண்டியது முழங்காலுக்கு வாங்கிய அந்த வலி மாத்திரையைத்தான்.

ஆகவே நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போது எத்தனை விழுக்காடு என்று கேட்காதீர்கள். நேர்மையான மருத்துவர் எவராலும் அதற்கு ஒற்றை எண் சொல்ல முடியாது. இரவில் நாடி ஏறியதா, புதிதாக வாந்தி வந்ததா, ஹீமோகுளோபின் ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாக உயர்ந்து நிற்கிறதா என்று கேளுங்கள். மலம் இன்னும் சில நாட்களுக்குக் கறுப்பாகவே போகும், அது குடலில் தங்கிய பழைய இரத்தம். நாடி ஏறாமல் கறுப்பு மட்டும் இருந்தால் கலங்க வேண்டாம். எண்டோஸ்கோப்பியின்போது இரைப்பையிலிருந்து எடுத்த சதையில், புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இல்லை என்று அறிக்கை வந்தால், இரத்தப்போக்கின்போது அந்தச் சோதனை தவறவிடுவது உண்டு என்பதால், சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஆஸ்பிரினை மறுபடி எந்தத் தேதியில் தொடங்குவது, அதனுடன் அமில எதிர்ப்பு மாத்திரை எவ்வளவு காலம் என்று இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் பேசி முடிவு செய்து, வழக்கமாக மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் வரும் அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.